ஐஸா, சக்கரமா? நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் கற்றுத்தர எந்த வழி சரிப்படும்

எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி, குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் மேல் சுழல்கிற பெண்களை டிவியில் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "மாமா, இதை இங்க எங்க போய்ப் படிக்கலாம்?" நீச்சல் என்றால் சொல்லியிருப்பேன். அடிமுறைத் தற்காப்புக்கலை என்றால் இரண்டு தெரு தள்ளி ஆசான் இருக்கிறார். நாகர்கோவிலில் நின்றுகொண்டு ஐஸுக்கு எங்கே வழி சொல்வது?

கேட்ட கேள்வியை அப்படியே விட மனசு வரவில்லை. அவளைப்போல் ஆசைப்படுகிற பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, சாயங்காலம் சாயா குடிக்கிற நேரத்தில் பேசிப் பேசி, எந்தெந்த வழி உண்டு என்று ஒரு நோட்டில் எழுதினோம். சொந்தமாக ஒரு சின்ன ஐஸ் தளம், பிளாஸ்டிக் ஐஸ், ஐஸ் இருக்கிற ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது, சக்கரத்தில் ஆரம்பிப்பது என்று நாலு வழி தேறியது. இதே யோசனையில் இருக்கும் மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கத்துப் பெற்றோருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு ஜோடி சக்கர ஸ்கேட்டைப் பொதுவில் வாங்கி, பள்ளிக்கூடத்து கான்கிரீட் தளத்தில் வாரம் ஒருநாள் நடத்துவதுதான் நம் ஊருக்கு ஒத்துவரும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐஸ் தளம் எப்படி உறைகிறது என்பது நம் கடற்கரை ஆட்களுக்குப் புதிய விஷயமில்லை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஐஸ் கம்பெனியும் தெரிந்திருக்கும். அமோனியாவைக் கொண்டு ஒரு தொட்டி உப்புத்தண்ணீரைப் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிரவைப்பார்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை அதற்குள் இறக்குவார்கள். உப்புத்தண்ணீர் உறையாமல் நிற்கும், டின்னுக்குள் இருப்பது பாளமாகிவிடும். ஸ்கேட்டிங் தளமும் இதே வித்தைதான். கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து, அதில் குளிர்ந்த உப்புக்கரைசலையோ கிளைகால் என்ற எளிதில் உறையாத திரவத்தையோ ஓடவிட்டு, மேலே தண்ணீரை அடுக்கடுக்காகத் தெளித்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு உறையவைக்கிறார்கள். 1876-இல் லண்டனில் ஜான் காம்ஜி என்பவர் கிளேசியாரியம் என்ற தளத்தை அமைத்தபோதும், குழாய்க்குள் குளிர்ந்த கரைசலை ஓட்டித்தான் உறையவைத்தார்.

வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஐஸ் கம்பெனியில் பாளம் உறைந்து வெளியே போய்விட்டால் அந்தப் பாளத்துக்கான செலவு முடிந்தது. ஸ்கேட்டிங் தளத்தை இரவும் பகலும், பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும், மைனஸ் ஐந்து டிகிரியை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். பதினைந்து மீட்டருக்குப் பத்து மீட்டர், மூன்று சென்டிமீட்டர் கனம் என்று வைத்தாலே நாலு டன்னுக்கு மேல் ஐஸ். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமோ இன்னொரு பிரச்சினை. ஐஸ் மேல் பட்டால் மூடுபனியாகும், கூரையில் படிந்து சொட்டுச்சொட்டாக விழுந்து தளத்தை மேடும் பள்ளமுமாக்கும். வெப்பம் புகாத மூடிய அரங்கு, ஈரத்தை இழுக்கும் இயந்திரம் எல்லாம் வேண்டும். டேராடூனில் 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அரசே கட்டிய முழு அளவு ஐஸ் அரங்கம்கூடப் பல வருஷம் பூட்டித்தான் கிடந்தது. சிம்லாவில் 1920-இலிருந்து திறந்தவெளியில் ஐஸ் ஸ்கேட்டிங் நடக்கிறது என்றால், அங்கே குளிர்கால இரவே தண்ணீரை உறையவைத்துக் கொடுக்கிறது. ஒரு தெருச் சங்கமோ பள்ளிக்கூடமோ நினைத்துச் செய்யக்கூடிய காரியமாக எனக்கு இது தெரியவில்லை.

பிளாஸ்டிக் ஐஸ் என்பது வழவழப்பான கெட்டி பாலிஎத்திலீன் பலகைகளைப் பொருத்தி அமைக்கிற தரை. கரண்ட் வேண்டாம், நிஜமான ஐஸ் ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டே சறுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ் அளவுக்கு வழுக்காது, ஸ்கேட்டின் கத்தி சீக்கிரம் மழுங்கும், தூசி படிந்தால் அதுவும் போச்சு. கத்தியைத் தீட்டுவதற்கென்று தனி இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். அதை நம் பக்கத்தில் எங்கே தேடுவது? பலகைக்குப் போடுகிற பணத்தில் பாதியில் ஸ்கேட்டும் ஹெல்மெட்டும் வாங்கிப் பல வருஷம் ஓட்டிவிடலாம். இதை நோட்டில் உடனே அடித்துவிட்டோம்.

மூன்றாவது வழியை ஒருமுறை செய்தே பார்த்தோம். வேன் பிடித்து, கேரளத்தில் ஒரு மாலுக்குள் இருந்த சின்ன ஐஸ் தளத்துக்குப் பதினோரு பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். விடியுமுன் கிளம்பி நடுராத்திரி திரும்பினோம். ஐஸ் மேல் நின்றது அரை மணி நேரம். வாடகைக்குக் கொடுத்த ஷூ பலருக்கு ஒரு சைஸ் பெரிது, கணுக்கால் உள்பக்கமாக மடிந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டுப் பையன் அந்த அரை மணி நேரமும் சுவர்க் கம்பியை விடவே இல்லை. கடைசி நிமிஷத்தில் கையை எடுத்தான், இரண்டு அடி வழுக்கினான், மணி அடித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் அந்த இரண்டு அடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. அவனுக்குத் தேவை அடுத்த சனிக்கிழமை இன்னொரு அரை மணி நேரம், அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொன்று. வருஷத்துக்கு ஒருநாள் சுற்றுலா அதைக் கொடுக்காது.

குளிர் நாடுகளில் இந்த வகுப்புகள் நடக்கிற விதமும் அதுதான். வாரம் ஒருமுறை, அரை மணி நேரமோ கொஞ்சம் கூடவோ, ஆறு முதல் எட்டு வாரம். கனடாவில் கேன்ஸ்கேட் என்ற திட்டத்தில் ஊர் கிளப்புகளே இதை நடத்துகின்றன. ஒரு கோச்சுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் விடுவதில்லை. கொஞ்சம் முன்னே கற்றுக்கொண்ட பெரிய பிள்ளைகள் உதவியாளர்களாக நிற்கிறார்கள். வரிசையில் காத்து நிற்கிற வேலை கிடையாது, எல்லோரும் சுற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி தளத்தில் பாதை போட்டிருப்பார்கள். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். ஐஸை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் எதுவும் கெடாது. கான்கிரீட்டில் அப்படியே செய்யலாம்.

சரி, சக்கரத்தில் கற்றது ஐஸுக்கு உதவுமா? பெரும்பாலும் உதவும். முழங்காலை மடக்கி நிற்பது, உடம்பின் எடையை ஒரு காலுக்கு மாற்றுவது, பக்கவாட்டில் தள்ளி முன்னே போவது, ஒற்றைக்காலில் மிதப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. நிறுத்துவதுதான் வேறு. ஐஸில் கத்தியைக் குறுக்கே திருப்பிச் சுரண்டி நிற்பார்கள், சக்கரத்தில் தொடக்கக்காரர்கள் அப்படிச் செய்யப் போனால் தடுக்கி விழ வேண்டியதுதான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் 500 மீட்டர் ஐஸ் வேகச் சறுக்கில் தங்கம் வாங்கிய எரின் ஜாக்சன், அமெரிக்காவின் வெயில் மாநிலமான ஃபுளோரிடாவில் ஒகாலா என்ற ஊர்க்காரர். அவர் சக்கரத்தில் வளர்ந்து, பிறகுதான் ஐஸுக்குப் போனார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார், அதுவும் சக்கரத்தில்தான். அதற்கு முன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் சக்கர ஸ்கேட்டிங் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். இதைச் சொன்னபோது எங்கள் தெருப் பிள்ளையின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். ஐஸ் இல்லாத ஊர் என்பதால் தனக்கு வழியில்லை என்ற நினைப்பு அவளுக்கு அன்றே போய்விட்டது.

அடுத்தது, எந்த ஸ்கேட். கடையில் மூன்று விதம் கிடைக்கும். சாதாரண ஷூவின் மேலே வாரால் கட்டிக்கொள்கிற அட்ஜஸ்டபிள், ஷூவோடு சேர்ந்த குவாட், நாலு சக்கரமும் ஒரே வரிசையில் இருக்கிற இன்லைன். ஐஸுக்கு நெருக்கம் இன்லைன்தான். வேகமும் கூட. ஆனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குக் கணுக்கால் இன்னும் உரமாகியிருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். குவாடில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று சக்கரம் அகலமாக உட்காருவதால் முதல் நாளே நிற்கத் தைரியம் வரும். அட்ஜஸ்டபிள் விலை குறைவு, அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தினால் தகட்டின் நீளம் கூடும், குறையும். ஒரே ஜோடி ஏழு வயதுக்கும் பதினொன்றுக்கும் பொருந்தும். வார் தளர்ந்துபோவதும் கணுக்காலுக்குப் பிடிப்பு இல்லாததும் அதன் குறை. என் யோசனை: பன்னிரண்டில் எட்டு ஜோடி அட்ஜஸ்டபிள், நாலு ஜோடி சைஸ் மாற்றக்கூடிய இன்லைன். எட்டு வாரம் முடித்த பிள்ளை, ஒற்றைக்காலில் மூன்று நொடி போக முடிந்தால் இன்லைனுக்கு மாறட்டும்.

அவரவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொன்னவர்களும் எங்களில் உண்டு. அப்படிச் செய்தால் நிர்வாகம் சுலபம், உண்மைதான். ஆனால் வாங்க முடிகிற வீட்டுப் பிள்ளை மட்டும்தான் வரும். அடுத்த வருஷம் கால் வளர்ந்ததும் அந்த ஸ்கேட் பரணுக்குப் போய்விடும். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் பிள்ளையும், வங்கி மேனேஜர் பிள்ளையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இப்போதும் நிற்கிறேன். பன்னிரண்டு ஜோடியை மூன்று தொகுதிக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரே காலையில் முப்பத்தாறு பிள்ளைகள் கற்கலாம். சாக்ஸ் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

பொதுப்பெட்டி என்றால் பராமரிப்பு வேண்டும். நம் உப்புக்காற்றுக்கு அது இன்னும் கூட. ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங், ஒரு ஜோடி ஸ்கேட்டுக்குப் பதினாறு, பன்னிரண்டு ஜோடிக்கு 192. பெரும்பாலும் 608 என்ற நம்பர் பேரிங்தான், உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22. பேரிங் விற்கிற கடைகளில் தனியாகக் கிடைக்கும். சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டுக் காதருகே பிடித்தால் தெரிந்துவிடும். நல்லதென்றால் மெல்லிய இரைச்சல் மட்டும், மணல் புகுந்ததென்றால் கரகரவென்று அரைக்கும். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் திரும்ப ஓடும். வீட்டில் கைக்கெட்டுகிற எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான் என்று அதை விட்டுவிடக் கூடாது, தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். மாதம் ஒரு ஞாயிறு இதற்கென்று ஒதுக்கினால் போதும். பெரிய பிள்ளைகளையே உட்காரவைத்துச் செய்யச் சொல்லலாம், அவர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போகும்.

ஸ்கேட்டைவிட முக்கியம் தரை. பத்மநாபபுரம் அரண்மனையில் தேங்காய்ச்சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையைப் பார்க்கும்போதெல்லாம், தரைக்காக இவ்வளவு மெனக்கெட்ட ஊர் நம்முடையது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ஸ்கேட்டிங்குக்கு அத்தனை வழவழப்பு ஆகாது. சக்கரம் தரையைப் பிடிக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தை யோசித்தோம். மழைக்குப் பயமில்லை. ஆனால் பளபளக்கிற டைல்ஸில் பிள்ளை காலைத் தள்ளினால் சக்கரம் பக்கவாட்டில் வழுக்குகிறது. சக்கரத் தடம் விழுமே என்று மண்டபக்காரர்களுக்கும் கவலை, முகூர்த்த மாதங்களில் இடமும் கிடைக்காது. இன்டர்லாக் கல் பதித்த முற்றத்தில் ஒவ்வொரு இடுக்கிலும் சக்கரம் தட்டித் தட்டிப் பல் கிடுகிடுக்கும். தார்ரோடு பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சுவது பழைய சிமென்ட் தரை போட்ட பாரிஷ் ஹால், இல்லை என்றால் பள்ளிக்கூடத்து கான்கிரீட் பாஸ்கெட்பால் தளம். முழு அளவுத் தளம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். நான் பாஸ்கெட்பால் தளத்துக்கே ஓட்டுப் போடுவேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அழகுக்கு என்று மினுமினுப்பான பெயின்ட் அடித்த தளத்தில் ஒருமுறை ஒத்திகை பார்க்கப் போய், காலைப் பனி காயுமுன் ஆரம்பித்துவிட்டோம், ஒரு பையன் மல்லாந்து விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்தான். அன்றே முடிவு செய்தோம்: முதலில் வாரியல் எடுத்து மணலைக் கூட்டி, உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லை என்றால்தான் பெட்டியைத் திறப்பது. ஒரு சின்னக் கல் சக்கரத்துக்குள் மாட்டினாலே போதும், சக்கரம் நின்றுவிடும், பிள்ளை நிற்காது.

கூரை இல்லாத தளம் என்றால் மழையைக் கணக்குப் பண்ண வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் விழுகிற மாவட்டம் நம்முடையது. ஜூன், ஜூலையும் அக்டோபர், நவம்பரும் நம்ப முடியாது. கோடைப் பயிற்சி முகாம் மாதிரி மே மாதத்தில் பத்து நாள் தொடர்ந்து நடத்தலாமா, ஜனவரி, பிப்ரவரியில் எட்டு சனிக்கிழமை நடத்தலாமா என்று பேசினோம். முகாமுக்குக் கூட்டம் வரும், விடுமுறையும் கூட. ஆனால் பத்து நாளில் கற்றது ஜூன் மழையோடு ஓய்ந்துவிடும். விழுந்து முட்டி சிராய்த்த பிள்ளைக்கு ஆற ஒரு வாரம் வேண்டும். பயமும் அந்த வாரத்தில் ஆறுகிறது. அதனால் ஜனவரியில் ஆரம்பித்து, முழுப்பரீட்சைக்கு முன்னால் முடிக்கிற எட்டு வாரமே என் தேர்வு. மே மாதக் காலைகளை, ஏற்கெனவே கற்றவர்கள் தொடர வைத்துக்கொள்ளலாம்.

யார் சொல்லித்தருவது? கோச் ஒருவர் கட்டாயம் வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. ஆனால் ஒரே கோச் பன்னிரண்டு பேரையும் எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தால் வகுப்பு நடக்காது. பக்கத்துக் கல்லூரியில் இருந்து இரண்டு பேரும், முன்பே ஓட்டத் தெரிந்த பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் உதவிக்கு நின்றால் போதும். பெற்றோர் தளத்துக்கு வெளியேதான். "பைய மக்கா, பைய" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருகிற அம்மாவின் பாசம் புரிகிறது, ஆனால் அந்தப் பிள்ளை அம்மாவின் கையில்தான் நிற்கும், தன் காலில் நிற்காது.

முதல் வகுப்பில் யாரும் உருளக் கூடாது. நம் ஊரில் தேங்காய்நார்த் தும்புப் பாய்க்கா பஞ்சம்? பாயை விரித்து அதன்மேல் ஸ்கேட்டோடு நிறுத்தினால் சக்கரம் ஓடாது. அங்கேயே நின்ற இடத்தில் நடை, உட்கார்ந்து எழும்புதல், அப்புறம் விழப் பழகுதல். முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்ந்து, விரல்களை மடக்கிக்கொண்டு விழ வேண்டும். விரல் விரிந்து கிடந்தால் பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறும். கையை ஊன்றி விழுவது மனித இயல்பு, அதனால் அடிபடுவது பெரும்பாலும் மணிக்கட்டுதான். ஹெல்மெட், முட்டிக் கவசம், முழங்கைக் கவசம் எல்லோரும் வாங்குகிறார்கள், மணிக்கட்டுக் கவசத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்ஜெட் இடித்தால் இரண்டு ஜோடி ஸ்கேட்டைக் குறைத்தாவது அதை வாங்குங்கள்.

ஐஸ் பயணத்தை நோட்டிலிருந்து நான் அடிக்கவில்லை. எட்டு வாரம் முடித்து ஒற்றைக்காலில் போகத் தெரிந்த பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். அப்போது அந்த அரை மணி நேரமும் கம்பியைப் பிடித்தபடி கழியாது.

இப்போது தலைமை ஆசிரியருக்கு அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதற்குள் சைஸ் பட்டியல் போட, ஒவ்வொரு பிள்ளையையும் தாளில் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை அளந்துகொண்டிருக்கிறேன். மேசை மேல் இருபத்தேழு தாள் சேர்ந்திருக்கிறது. முதல் தாள் கேள்வி கேட்டவளுடையது, 21 சென்டிமீட்டர்.